கனெக்ட்எக்ஸ் 10022 தருகிறது, ஆர்கியூமெண்ட் எல்லாம் சரிதான்: அப்புறம் எங்கே தப்பு?

கேள்வி சுருக்கமாக இது: விண்டோஸில் சி++ கொண்டு ஒரு கிளையண்ட் எழுதுகிறீர்கள். ஐஓ கம்ப்ளீஷன் போர்ட் முறை, அதாவது வேலையை இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கொடுத்துவிட்டு, முடிந்த செய்தியைப் பிறகு வாங்கிக்கொள்வது. காத்திருக்காமல் இணைப்பைத் தொடங்கும் கனெக்ட்எக்ஸ் ஃபங்ஷனை அழைத்ததுமே தோற்று, 10022 என்ற எரர் வருகிறது. அதே முகவரியைச் சாதாரண கனெக்ட்டுக்குக் கொடுத்தால் இணைந்துவிடுகிறது. சரி, இப்போதைக்குச் சாதாரண கனெக்ட்டையே வைத்துக்கொள்வோம் என்று மேலே போனால், தரவை வாங்கும் டபிள்யூஎஸ்ஏரிசீவ் டீபக் பில்டில் 10045 சொல்லி விழுகிறது. ரிலீஸ் பில்டில் பெரும்பாலும் ஓடுகிறது, என்றைக்காவது மட்டும் விழுகிறது. எல்லா ஆர்கியூமெண்ட்டையும் பத்து முறை பார்த்தாகிவிட்டது.

அவசரத்தில் இருந்தால் விடை இதுதான். முதல் பிழைக்குக் காரணம், கனெக்ட்எக்ஸுக்கு முன்னால் அந்த சாக்கெட்டை (இணைப்பின் நம் பக்க முனை) பைண்ட் செய்யவில்லை, அதாவது உள்ளூர் முகவரியோடும் போர்ட்டோடும் பிணைக்கவில்லை. இரண்டாவதற்குக் காரணம், டபிள்யூஎஸ்ஏரிசீவுக்குக் கொடுக்கும் ஃபிளாக்ஸ் மாறிக்கு நீங்கள் பூஜ்யம் போடவில்லை. இரண்டையும் திருத்தினால் ஓடும்.

ஆனால் பத்து முறை பார்த்தும் ஏன் கண்ணில் படவில்லை என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம், சர்வர் பக்கம் இணைப்பை ஏற்கும் அக்செப்ட்எக்ஸோடு திரும்பி வருவீர்கள்.

10022 என்பதற்கு 'தவறான ஆர்கியூமெண்ட்' என்று பெயர். அந்தப் பெயர்தான் நம்மைத் திசை திருப்புகிறது. படித்ததும் அடைப்புக்குறிக்குள் இருப்பதை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறோம். கர்னல் பார்ப்பது அதை மட்டுமல்ல. நீங்கள் கொடுத்த சாக்கெட் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதும் அதன் கணக்கில் ஒரு ஆர்கியூமெண்ட்தான். பைண்ட் ஆனதா, லிசன் ஆனதா, ஏற்கெனவே இணைந்ததா, ஐபிவி4 குடும்பமா ஐபிவி6 குடும்பமா என்று பார்க்கும். இவற்றை நீங்கள் எழுதிய வரியில் பார்க்க முடியாது. அதற்கு முன்னால் ஓடிய, அல்லது ஓடாமல் விட்ட வரிகளில்தான் இருக்கின்றன.

சாதாரண கனெக்ட் கொஞ்சம் தாராள மனசுக்காரர். பைண்ட் ஆகாத சாக்கெட்டைக் கொடுத்தால், தானே ஒரு உள்ளூர் முகவரியும் போர்ட்டும் பார்த்து பைண்ட் செய்துவிட்டு இணைப்பைத் தொடங்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்த கனெக்ட்எக்ஸ் அப்படியல்ல. பைண்ட் ஆன, ஆனால் இன்னும் இணையாத சாக்கெட்தான் வேண்டும் என்று அதன் ஆவணத்திலேயே ஒரு வரி இருக்கிறது. எல்லோரும் தாண்டிப் போகும் வரி அது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சாக்அட்ரஸ் ஸ்ட்ரக்ட் ஒன்றை முழுவதும் பூஜ்யமாக்கி, குடும்பத்தை மட்டும் சாக்கெட்டுக்குப் பொருந்துகிற மாதிரி போட்டு, முகவரியும் போர்ட்டும் 0 ஆக விட்டு பைண்ட் செய்யுங்கள். போர்ட் 0 என்றால் 'நீயே ஒன்றைப் பார்த்துக்கொள்' என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பைண்ட் ஆகாத சாக்கெட்டில் கனெக்ட்எக்ஸ் அழைத்தால் 10022. ஏற்கெனவே பைண்ட் ஆன சாக்கெட்டை மறுபடி பைண்ட் செய்தாலும் 10022. பைண்ட் ஆகாத சாக்கெட்டிடம் கெட்சாக்நேம் மூலம் 'உன் முகவரி என்ன' என்று கேட்டாலும் 10022. ஒரே எண்ணுக்கு மூன்று காரணம், மூன்றிலும் அடைப்புக்குறிக்குள் ஒரு தப்பும் இல்லை. பைத்தானின் அசின்க்ஐஓ நூலகம் விண்டோஸில் இதையெல்லாம் நேரடியாகச் சந்திக்கிறது. கம்ப்ளீஷன் போர்ட்டைக் கையாளும் அதன் புரோஆக்டர் நிரலைத் திறந்து பார்த்தால், இணைப்புக்கு முன்னால் தானே உள்ளூரில் பைண்ட் செய்து பார்ப்பது தெரியும். அதில் 10022 வந்தால் உடனே பயப்படுவதில்லை. ஒருவேளை ஏற்கெனவே பைண்ட் ஆகியிருக்கும் என்று கெட்சாக்நேமிடம் கேட்கிறது. போர்ட் 0 என்று பதில் வந்தால் மட்டும் பிழையை மேலே தள்ளுகிறது.

அந்தக் கெட்சாக்நேமை நீங்களும் பயன்படுத்துங்கள். அசின்க் அழைப்பு 10022 என்றதும் நான் முதலில் செய்வது, அழைப்புக்கு முந்தைய வரியில் நாலு கேள்வி போடுவது. கெட்சாக்நேம் என்ன சொல்கிறது? எதிர்முனையின் முகவரியைத் தரும் கெட்பியர்நேம் என்ன சொல்கிறது? கெட்சாக்ஆப்ட் மூலம் கேட்டால் சாக்கெட் லிசன் நிலையில் இருக்கிறதா? அதன் வகை ஸ்ட்ரீமா டேட்டாகிராமா? இந்த நாலு பதிலும் கையில் இருந்தால் பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

இணைப்பு வெற்றியாக முடிந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். கனெக்ட்எக்ஸில் இணைந்த சாக்கெட் அரைகுறை நிலையில்தான் உங்கள் கைக்கு வரும். அனுப்பலாம், வாங்கலாம். ஆனால் ஷட்டவுன் அல்லது கெட்பியர்நேம் அழைத்தால் 10057, அதாவது 'இணையவில்லை' என்று சொல்லும். தரவு ஓடிக்கொண்டிருக்கும்போதே இணையவில்லை என்கிறதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். செட்சாக்ஆப்ட்டில் அப்டேட் கனெக்ட் காண்டெக்ஸ்ட் என்ற விருப்பத்தைப் போட்டால்தான் சாக்கெட் முழுசாகும். அக்செப்ட்எக்ஸுக்கும் இதே போல அப்டேட் அக்செப்ட் காண்டெக்ஸ்ட் உண்டு, ஆனால் அதற்கு மதிப்பாக லிசன் சாக்கெட்டின் ஹேண்டிலைத் தர வேண்டும். தர வேண்டியது ஹேண்டில் இருக்கும் மாறியின் முகவரியும் அதன் அளவும், 64-பிட்டில் 8 பைட். ஹேண்டிலையே பாயிண்டராக காஸ்ட் செய்து கொடுத்தால் 10014, அதாவது 'தவறான முகவரி' வாங்குவீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது பிழை. டபிள்யூஎஸ்ஏசெண்டில் ஃபிளாக்ஸ் ஒரு மதிப்பு, நேராக 0 என்று எழுதிவிடலாம். டபிள்யூஎஸ்ஏரிசீவில் அதே இடத்தில் இருப்பது பாயிண்டர். ஏனென்றால் அது உள்ளே போகவும் வெளியே வரவும் செய்கிற மாறி. செண்ட் எழுதிய கையோடு ரிசீவும் எழுதுகிறவர் ஃபிளாக்ஸ் என்று ஒரு மாறியை அறிவித்து, அதன் முகவரியைக் கொடுத்துவிட்டு, பதில் வருவதற்கான இடம்தானே என்று காலியாக விட்டுவிடுகிறார். அந்தக் காலி இடத்தில் ஸ்டாக்கில் முன்பு கிடந்த குப்பை இருக்கும். கர்னல் அதை ஃபிளாக் என்று எடுத்துக்கொண்டு, இப்படியொரு வேலை எனக்குத் தெரியாது என்று 10045 சொல்கிறது.

டீபக் பில்டில் ஏன் தவறாமல் விழுகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். விஷுவல் சி++ வழக்கமான டீபக் அமைப்பில் மதிப்புக் கொடுக்காத உள்ளூர் மாறிகளின் ஒவ்வொரு பைட்டையும் 204 என்ற எண்ணால் நிரப்பிவிடும். வாட்ச் சாளரத்தில் உங்கள் ஃபிளாக்ஸ் 3435973836 என்று தெரியும். குறியுள்ள எண்ணாகப் பார்த்தால் −858993460. இந்த இரண்டு எண்ணும் மனப்பாடமாகிவிட்டால் நல்லது. எங்கே பார்த்தாலும் 'இதற்கு யாரும் மதிப்பே கொடுக்கவில்லை' என்று உடனே சொல்லிவிடலாம். ரிலீஸில் இந்த நிரப்பல் கிடையாது. முன்பு அந்த இடத்தில் தற்செயலாக 0 இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் விழும். அதாவது உங்களுக்கு டீபக் பில்ட் சரியாகவே வேலை செய்கிறது. ஏமாற்றுவது ரிலீஸ் பில்ட்தான். இன்னொன்று, அந்த மாறி வெளியேயும் வருவதால், ஒரு முறை பயன்படுத்தியதை அப்படியே அடுத்த அழைப்புக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் 0 போட்டுவிட்டுக் கொடுங்கள்.

சரி, இதற்கெல்லாம் முன்னால் ஒரு அடிப்படை. நீங்கள் பார்க்கும் எரர் எண் உண்மையிலேயே இந்த அழைப்பினுடையதா? சிரிக்காதீர்கள், எனக்கு இதில் இரண்டு நாள் போயிருக்கிறது. ஒரு பழைய சர்வரில் அக்செப்ட்எக்ஸ் தோற்கிறது, லாக்கில் எரர் 0 என்று வருகிறது. தோல்வி, ஆனால் பிழை இல்லை! கம்பைலரைச் சந்தேகப்பட்டேன், நெட்வொர்க் கார்டின் டிரைவரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், லாக் எழுதும் ஃபங்ஷன் முதலில் கோப்பைத் திறந்து நேரத்தை எழுதிவிட்டு, அதன் பிறகுதான், கடைசிப் பிழையின் எண்ணைத் தரும் டபிள்யூஎஸ்ஏகெட்லாஸ்ட்எரரை அழைத்தது. அதற்குள் கோப்பு வேலை அந்த எண்ணை மாற்றிவிட்டது. அந்த லாக் ஃபங்ஷனை எழுதியது வேறு யாருமில்லை, நான்தான். அழைப்பு திரும்பிய அடுத்த வரியிலேயே எரரை ஒரு மாறியில் எடுத்துவிடுங்கள். நடுவில் ஒரு பிரிண்ட் கூட வேண்டாம்.

அதோடு, திரும்பி வரும் மதிப்பை எப்படிப் படிக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். டபிள்யூஎஸ்ஏரிசீவும் டபிள்யூஎஸ்ஏசெண்டும் வெற்றி என்றால் 0 தரும். கனெக்ட்எக்ஸும் அக்செப்ட்எக்ஸும் தோல்வி என்றால் 0 தரும். ஒரே குடும்பம், எதிரெதிர் வழக்கம். இரண்டுக்கும் ஒரே சோதனையை நகலெடுத்து ஒட்டினால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பைத் தோல்வி என்று நினைத்து, எப்போதோ மிச்சம் இருந்த பழைய எரர் எண்ணைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். 997 வந்தால் அது பிழையே அல்ல, 'வேலையை எடுத்துக்கொண்டேன், முடிந்ததும் சொல்கிறேன்' என்கிற ரசீது.

அந்த ரசீது ஒரு முக்கியமான எல்லைக்கோடு. 997க்கு முன்னால் வந்த பிழையா, பின்னால் கம்ப்ளீஷன் போர்ட் வழியாக வந்த பிழையா என்று முதலில் பிரியுங்கள். அழைத்த இடத்திலேயே தோற்றால், கர்னல் வேலையை ஏற்கவே இல்லை. ஆர்கியூமெண்ட், சாக்கெட் நிலை, ஸ்ட்ரக்ட் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். ஏற்றுக்கொண்டு பிறகு தோற்றால் அது பெரும்பாலும் நெட்வொர்க் விவகாரம், அல்லது நீங்களே சாக்கெட்டை மூடியதால் வரும் 995, அதாவது 'வேலை ரத்து'. ஏற்றுக்கொண்டு, முடிந்தும், புரோகிராம் வேறெங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் விழுந்தால் அது ஆயுள் பிரச்சினை. இந்த மூன்றில் மிக மோசம் மூன்றாவதுதான்.

ஆயுள் என்று ஏன் சொல்கிறேன்? சாதாரண அழைப்பில் ஆர்கியூமெண்ட்டின் வேலை ஃபங்ஷன் திரும்பியதும் முடிந்துவிடும். இங்கே பஃபரும், ஒவ்வொரு அழைப்பின் நிலையையும் குறித்துவைக்கும் ஓவர்லேப்ட் ஸ்ட்ரக்டும் கம்ப்ளீஷன் வரும்வரை உயிரோடு, இடம் மாறாமல் இருக்க வேண்டும். உள்ளூர் மாறியாக ஓவர்லேப்ட்டை வைத்து அழைத்துவிட்டு ஃபங்ஷனை விட்டு வெளியேறினால், கர்னல் பிறகு எழுதுவது வேறு யாரோ குடியேறிவிட்ட ஸ்டாக் இடத்தில். டபிள்யூஎஸ்ஏரிசீவ்ஃப்ரம் இன்னும் வம்பு. அனுப்பியவர் முகவரி மட்டுமல்ல, அந்த முகவரியின் நீளம் என்கிற ஒரு சின்ன முழு எண் மாறிகூடக் கடைசிவரை இருக்க வேண்டும். அதை ஸ்டாக்கில் விடாதவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். விதிவிலக்கு ஒன்று: பஃபரின் நீளமும் பாயிண்டரும் இருக்கும் டபிள்யூஎஸ்ஏபஃப் அணியை மட்டும் ஸ்டாக்கில் வைக்கலாம். அழைப்பு திரும்புவதற்குள் அதைப் படியெடுத்துக்கொள்வது, விண்டோஸின் சாக்கெட் நூலகமான வின்சாக்கின் பொறுப்பு. அது சுட்டும் பஃபருக்கு இந்தச் சலுகை இல்லை.

இதில் ஒரு வகையைக் கிட்டத்தில் காட்டுகிறேன், ஏனென்றால் நல்ல நிரலாளர்களையே கவிழ்ப்பது இதுதான். ஓவர்லேப்ட்டிலிருந்து ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள். நன்றாக ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து யாரோ அந்தக் கிளாஸில் ஒரு வர்ச்சுவல் ஃபங்ஷன் சேர்க்கிறார்கள். 64-பிட்டில் விடேபிள் பாயிண்டர் (வர்ச்சுவல் ஃபங்ஷன்களின் பட்டியலைச் சுட்டுவது) முதல் 8 பைட்டைப் பிடித்துக்கொள்கிறது, ஓவர்லேப்ட் பகுதி 8 பைட் பின்னால் நகர்கிறது. சரியான காஸ்ட் என்றால் கம்பைலர் அந்த 8ஐக் கூட்டிக்கொள்ளும். ஆனால் நடுவில் எங்காவது வாய்ட் பாயிண்டராக மாற்றியிருந்தால் கூட்டாது. இப்போது கர்னல் ஓவர்லேப்ட்டின் முதல் புலம் என்று நினைத்து விடேபிள் பாயிண்டரின் மேலேயே எழுதுகிறது. வேலை நிலுவையில் இருக்கும்போது அந்தப் புலத்தில் எழுதப்படும் எண் 259. அடுத்த வர்ச்சுவல் அழைப்பில் புரோகிராம் 259க்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு முகவரியைப் படிக்கப்போய் விழும். கிராஷ் டம்ப்பில் பொருளின் முதல் 8 பைட் 259 என்று இருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம், அந்தக் காஸ்ட்டுக்கு நேராகப் போங்கள். ஓவர்லேப்ட்டை மூதாதையாக வைக்காமல், சாதாரண ஸ்ட்ரக்டில் உறுப்பாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் தெரிந்த ஒரு எண்ணைக் காவலுக்குப் போட்டு, கம்ப்ளீஷனில் சரிபார்ப்பது என் பழக்கம். நினைவகத் தப்புகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் கருவி இங்கே பெரிதாகக் கை கொடுக்காது. அது உங்கள் நிரல் எழுதுவதைக் கண்காணிக்கும், கர்னல் பின்னால் வந்து எழுதுவதைப் பார்க்காது.

ஓவர்லேப்ட்டை ஒவ்வொரு முறையும் பூஜ்யமாக்குவதும் கட்டாயம். ஈவெண்ட் ஹேண்டில் புலத்தில் குப்பை இருந்தால் 'தவறான ஹேண்டில்' என்று எரர் 6 வரும். நீங்களோ சாக்கெட் ஹேண்டிலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அக்செப்ட்எக்ஸ் பற்றி இரண்டு வார்த்தை. உள்ளூர் முகவரிக்கும் தொலை முகவரிக்கும் நீங்கள் தரும் நீளம், ஸ்ட்ரக்டின் அளவைவிடக் குறைந்தது 16 பைட் கூடுதலாக இருக்க வேண்டும். ஐபிவி4 என்றால் 16 உடன் 16, ஆக 32. ஐபிவி6 என்றால் 28 உடன் 16, ஆக 44. தரவு நீளத்தில் இந்த இரண்டு முகவரி இடத்தையும் கழித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். கழிக்காமல் பஃபரின் முழு அளவையும் சொன்னால் எரர் வராமலே போகலாம். பக்கத்து நினைவகத்தில் எழுதிவிட்டுப் போகும். அக்செப்ட் சாக்கெட் புதியதாக, பைண்ட் ஆகாததாக இருக்க வேண்டும். ஆம், கனெக்ட்எக்ஸுக்கு நேர் எதிர். கனெக்ட்எக்ஸில் சூடு பட்டவர் ஜாக்கிரதையாக இதையும் பைண்ட் செய்துவிட்டு மறுபடி 10022 வாங்குவார்.

87 வந்தால் மட்டும் வேறு பக்கம் பாருங்கள். அது வின்சாக்குக்கு மட்டும் உரிய எண் அல்ல, விண்டோஸின் பொது எண். ஒரே சாக்கெட்டை கம்ப்ளீஷன் போர்ட்டோடு இரண்டாவது முறை இணைத்தால் வருவது பெரும்பாலும் அதுதான்.

லினக்ஸிலும் இதே நிரலை ஓட்ட நினைத்தால் கதை கொஞ்சம் மாறும், சுபாவம் மாறாது. டபிள்யூஎஸ்ஏபஃப்பில் நீளம் முதலில், பாயிண்டர் பின்னால். லினக்ஸில் அதே வேலை செய்யும் ஐஓவெக்கில் பாயிண்டர் முதலில். வேறு மொழியிலிருந்து கையால் ஸ்ட்ரக்ட் எழுதுகிறவர்கள் இங்கே மாட்டுவார்கள். பல சாக்கெட்டுகளைக் கண்காணிக்கும் ஈபோலின் ஈவெண்ட் ஸ்ட்ரக்ட் 64-பிட் இண்டெல் கணினியில் 12 பைட், 64-பிட் ஆர்ம் கணினியில் 16 பைட். ஒன்றில் ஓடியது மற்றொன்றில் உளறும். கம்பைல் நேரத்திலேயே அளவைச் சரிபார்க்க ஒரு ஸ்டேடிக் அசெர்ட் போட்டு வைத்தால் இந்த அளவுத் தப்புகள் ஒழியும்.

2019இல் லினக்ஸ் கர்னல் 5.1 உடன் வந்த ஐஓ யூரிங்கில் (பகிர்ந்த நினைவகம் வழியாகக் கர்னலுக்கு வேலை கொடுக்கும் முறை) பிழை, வழக்கமான எர்நோ மாறியில் வராது. கம்ப்ளீஷன் பதிவின் ரிசல்ட் புலத்தில் எதிர்மறை எண்ணாக வரும். 'தவறான ஆர்கியூமெண்ட்' என்றால் −22. அந்த −22க்கு அர்த்தம் மறுபடி பல: அந்தக் கர்னலுக்கு அந்த வேலையே தெரியாது, அல்லது பழைய சப்மிஷன் பதிவைத் துடைக்காமல் பயன்படுத்தியதால் வேண்டாத புலத்தில் மிச்சம் ஏதோ கிடக்கிறது, அல்லது பஃபர் குழு தராமல் மல்டிஷாட் ரிசீவ் (ஒரே கோரிக்கையில் பல முறை வாங்குவது) கேட்டிருக்கிறீர்கள். எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது சிஸ்டம் காலைக் காட்டும், பகிர்ந்த நினைவகத்தில் நீங்கள் எழுதிய பதிவைக் காட்டாது. அந்த 64 பைட்டை நீங்களேதான் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.

எரரே வராத தப்பு ஒன்றும் உண்டு. போர்ட் 8080ஐ நெட்வொர்க் பைட் வரிசைக்கு மாற்றாமல் போட்டால் எந்த அழைப்பும் முகம் சுளிக்காது. 8080 என்பது 31, 144 என்ற இரண்டு பைட். திருப்பினால் 144, 31. அதாவது 36895. உங்கள் சர்வர் 36895இல் நிம்மதியாகக் காத்துக்கொண்டிருக்கும், கிளையண்ட் 8080இல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். நெட்ஸ்டாட் போட்டால் ஒரு நிமிட வேலை.

உங்கள் நிரலுக்கு இப்போது செய்ய வேண்டியது: சாக்கெட் உருவாக்கிய அடுத்த வரியில் பைண்ட், ரிசீவுக்கு முன்னால் ஃபிளாக்ஸ் 0, கனெக்ட்எக்ஸ் முடிந்ததும் அப்டேட் கனெக்ட் காண்டெக்ஸ்ட். கனெக்ட்எக்ஸின் ஃபங்ஷன் பாயிண்டரை 32-பிட்டில் கையால் அறிவித்திருந்தால் ஸ்டட்கால் என்ற அழைப்பு முறை குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகும் 10022 என்றால், அழைப்புக்கு முந்தைய வரியில் கெட்சாக்நேம் என்ன சொல்கிறது என்பதையும் சாக்கெட்டின் குடும்பத்தையும் எழுதுங்கள். ஆர்கியூமெண்ட் பட்டியல் வேண்டாம், அதை நீங்கள்தான் பத்து முறை பார்த்துவிட்டீர்களே.